ஸ்டூவர்ட் ஆர்க்கின்: குருதிக் குருத்தணுவும் பரம்பரைச் சோகையும்

ஸ்டூவர்ட் ஆர்க்கின் அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர். குழந்தைகளுக்கான குருதிநோய் மருத்துவர். 1946இல் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பிறந்தார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் அவருடைய பணியிடங்கள். எலும்பு மஜ்ஜையில் உள்ள குருதிக் குருத்தணுக்களிலிருந்து சிவப்பணுக்கள் உருவாவது எப்படி, அதில் பிழை நேர்ந்தால் தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரை நோய்கள் வருவது எப்படி என்னும் இரு கேள்விகளோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பணியாற்றியவர். கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தி நோயைக் குணப்படுத்தும் முதல் சிகிச்சைக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. அது அவருடைய ஆய்வுக்கூடம் கண்டறிந்த ஓரிடத்தை வெட்டும் சிகிச்சை.

நோயின் பின்னணி

ஆர்க்கினின் பணியைப் புரிந்துகொள்ள ஹீமோகுளோபினைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் இப்புரதம் நுரையீரலிலிருந்து ஆக்சிசனை உடலெங்கும் கொண்டு செல்கிறது. வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றுள் ஆறாவதாக இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் அமர்ந்துவிட்டால் அரிவாள் செல் நோய் வருகிறது. மரபணுவில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் ஆக்சிசனை விட்ட பிறகு அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. வட்டமான சிவப்பணு வளைந்து விறைத்து அரிவாள் வடிவம் பெறுகிறது. அத்தகைய அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கும்போது தாங்க முடியாத வலி உண்டாகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை எதுவும் தப்புவதில்லை. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் வடிவ அணு 10 முதல் 20 நாளில் அழிந்துபோகும்.

பீட்டா தலசீமியாவில் கோளாறு வேறு விதமானது. அங்கே பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாவதில்லை, அல்லது உருவாவதே இல்லை. கடுமையான வகை உள்ள குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும். ஏற்றிய இரத்தத்திலிருந்து சேரும் இரும்புச்சத்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதால், அதை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும்.

இந்த இரு நோய்களுக்கும் பொதுவான ஒரு விந்தை உண்டு. நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகவே பிறக்கிறது. சில மாதங்கள் கழிந்த பிறகே நோய் தலைகாட்டுகிறது. 1948இல் புரூக்ளினைச் சேர்ந்த ஜேனட் வாட்சன் என்னும் குழந்தை மருத்துவர், பச்சிளங் குழந்தைகளின் குருதியில் அரிவாள் வடிவ அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை பயன்படுத்தும் ஹீமோகுளோபின் வேறு. அதில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலி உள்ளது. இக்கரு ஹீமோகுளோபினே குழந்தையைக் காக்கிறது என்று அவர் கருதினார். பிறந்த பின் முதல் ஆண்டுக்குள் காமா மரபணு ஏறக்குறைய முழுதும் அணைந்து, பீட்டா மரபணு ஏற்றம் பெறுகிறது. பீட்டாவில்தான் பிழை இருக்கிறது. காமா அணையாமல் இருந்தால்? வாட்சனின் கவனிப்புக்குப் பின் அறுபது ஆண்டுகள் இந்தக் கேள்வி விடையின்றி இருந்தது.

அணையாமலே இருக்கும் மனிதர்களும் உண்டு. கிரீஸ் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் வளர்ந்த பின்னும் கரு ஹீமோகுளோபின் மிகுதியாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. இந்தியாவிலும் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படும் அரிவாள் செல் நோயாளிகளுக்குப் பொதுவாகக் கரு ஹீமோகுளோபின் அதிகம். ஆப்பிரிக்க வகைகளோடு ஒப்பிட்டால் நோயின் கடுமையும் பெரும்பாலும் குறைவு. இந்தியாவில் இந்த மரபணு முதலில் அறியப்பட்ட இடங்களுள் ஒன்று நீலகிரி. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு 1952இல் வெளியிட்டனர்.

கல்வியும் தொடக்கமும்

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் பயின்று 1967இல் பட்டம் பெற்ற ஆர்க்கின், பின்னர் ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பிலிப் லெடரின் ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறு உயிரியலைக் கற்றார். மருத்துவம் படித்த இளைஞர்கள் பலர் அக்காலத்தில் அங்கே ஆய்வுப் பயிற்சி பெற்றனர். பிறகு பாஸ்டனுக்குத் திரும்பி, குழந்தைகள் குருதிநோயியலில் பெயர்பெற்ற டேவிட் நேத்தனிடம் சேர்ந்தார். ஒரு பக்கம் வார்டில் இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் குழந்தைகள்; மறு பக்கம் அப்போதுதான் பிறந்திருந்த மரபணுப் பொறியியல். இரண்டையும் ஒரே கட்டடத்தில் பார்க்கக் கிடைத்தது அவருடைய வாழ்க்கைப் போக்கைத் தீர்மானித்தது.

தலசீமியாவின் பிழைகளைத் தொகுத்தல்

தலசீமியா ஒரே பிழையால் வருவதன்று. பீட்டா மரபணுவில் எங்கு வேண்டுமானாலும் பிழை இருக்கலாம். ஒவ்வொரு நோயாளியின் மரபணுவையும் பிரித்தெடுத்துப் படிப்பது 1980களின் தொடக்கத்தில் மாதக்கணக்கான வேலை. அவ்வளவு உழைத்த பின் முன்பே கண்ட பிழையே மீண்டும் வந்தால் உழைப்பு வீண்.

ஆர்க்கினும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெய்க் கசேசியனும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் செய்வதை ஒத்த வழி அது. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த சுவடிகளில் ஒரே வகையான பாடபேதங்கள் இருக்கும்; அதைக்கொண்டு சுவடிகளைக் குடும்பங்களாகப் பிரிக்கலாம். அதுபோல, பீட்டா மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. பகுதியில் மக்களிடையே தீங்கற்ற சிறு வேறுபாடுகள் உள்ளன. அவற்றின் அமைப்பைப் பார்த்து நோயாளிகளின் குரோமோசோம்களை அவர்கள் குழுக்களாகப் பிரித்தனர். குழுவுக்கு ஒன்றாக எடுத்துப் படித்தபோது பெரும்பாலும் குழுவுக்கு ஒரு புதுப் பிழை கிடைத்தது. 1982இல் வெளிவந்த இந்த ஆய்வின் தொடர்ச்சியாகச் சில ஆண்டுகளுக்குள் பீட்டா தலசீமியாவின் முக்கியப் பிழைகள் பட்டியலாயின. மூலக்கூறு அளவில் இவ்வளவு முழுமையாக அறியப்பட்ட பரம்பரை நோய் அன்று வேறொன்றும் இல்லை எனலாம். கருவிலேயே நோயைக் கண்டறியும் சோதனைகளுக்கும் இது வழிவகுத்தது.

1984இல், ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து அரிவாள் செல் நோயாளிகளின் கரு ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று காட்டிய கட்டுரையிலும் ஆர்க்கினின் பெயர் உண்டு. ஒர்ரா பிளாட், டேவிட் நேத்தன் ஆகியோர் அதில் முக்கியப் பங்காற்றினர். அந்த மருந்து இன்றும் உலகெங்கும் இந்நோய்க்குத் தரப்படுகிறது. ஆயினும் அது எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவில் பயன் தருவதில்லை.

புரதம் தெரியாமல் மரபணுவைத் தேடியது

நாட்பட்ட கணுக்கட்டி நோய் என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு நோய் உண்டு. இந்நோயுள்ள குழந்தையின் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. எனவே தொற்றுகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். இதற்குக் காரணமான புரதம் எது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், எக்ஸ் குரோமோசோமில் அதன் இருப்பிடத்தை மட்டும் கொண்டு 1986இல் ஆர்க்கினின் குழு மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுவரை புரதத்தை முதலில் பிடித்து, அதன்வழி மரபணுவை அடைவதே வழக்கம். முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் பிடித்த இம்முறையில் மனித நோய் மரபணு ஒன்று கண்டறியப்பட்டது இதுவே முதல் முறை. பின்னாளில் எத்தனையோ நோய்களின் மரபணுக்கள் இம்முறையில் கண்டுபிடிக்கப்பட்டன.

குருத்தணு தன் பாதையைத் தேர்வது எப்படி

உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உண்டாகின்றன. இவற்றோடு வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் உள்ள சிறு எண்ணிக்கையிலான குருத்தணுக்களின் வழிவந்தவை. அத்தகைய அணுக்கள் இருப்பதை 1960களின் தொடக்கத்தில் கனடாவின் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்குல்லக்கும் எலிகளில் மெய்ப்பித்திருந்தனர். ஆனால் ஒரே குருத்தணுவின் வழித்தோன்றல்களில் ஒன்று சிவப்பணுவாகவும் மற்றொன்று வெள்ளையணுவாகவும் மாறுவதற்கு எது ஆணையிடுகிறது என்பது தெரியவில்லை.

விடை, மரபணுக்களை இயக்கும் புரதங்களில் இருந்தது. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் சென்று ஒட்டிக்கொண்டு, அருகிலுள்ள மரபணுவை இயக்கவோ அடக்கவோ செய்யும் இப்புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பர். 1989இல் ஆர்க்கினின் ஆய்வுக்கூடமும் கேரி ஃபெல்சன்ஃபெல்டின் ஆய்வுக்கூடமும் தனித்தனியே காட்டா-1 என்னும் காரணியின் மரபணுவைப் பிரித்தெடுத்தன. ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கு எழுத்துகள் வரும் இடத்தில் ஒட்டுவதால் அதற்கு அப்பெயர். காட்டா-1 இல்லாத எலிக்கருவில் சிவப்பணுக்கள் முதிர்வதில்லை, கரு பிழைப்பதில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆர்க்கினும் அவருடைய மாணவர்களும் இவ்வாறு ஒவ்வொரு காரணியாக எலிகளில் நீக்கிப் பார்த்தனர். எஸ்.சி.எல். என்னும் காரணியை நீக்கியபோது எந்த வகைக் குருதியணுவும் உருவாகவில்லை. காட்டா-1உடன் கைகோத்து வேலை செய்யும் ஒரு புரதம் 1997இல் கிடைத்தது. 'காட்டாவின் தோழன்' என்னும் பொருளில் அதற்கு ஃபாக் என்று பெயரிட்டனர். ஆய்வாளர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

ஒரு கசப்பான அறிக்கை

1990களில் மரபணுச் சிகிச்சை என்னும் சொல் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது. பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைச் செலுத்தினால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பெருகியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. தேசிய சுகாதார நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் இதில் செலவிட்டது. அதன் இயக்குநராக இருந்த ஹரால்டு வார்மஸ் நிலைமையை ஆராய ஒரு குழு அமைத்தார். அதற்கு ஆர்க்கினும் மரபியல் அறிஞர் ஆர்னோ மொட்டுல்ஸ்கியும் தலைமை தாங்கினர்.

1995 டிசம்பரில் வெளியான அவ்வறிக்கை ஒளிவுமறைவு இல்லாதது. எந்த ஆய்வுத் திட்டத்திலும் மருத்துவப் பயன் ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அது கூறியது. ஆய்வாளர்களும் அவர்களுக்குப் பணம் தருபவர்களும் பலன்களை மிகைப்படுத்திச் சொல்லி மக்களிடம் பொய்யான நம்பிக்கையை வளர்த்துவிட்டதாகவும் குறை கூறியது. மரபணுவைச் செலுத்தும் முறை, குருத்தணுவின் இயல்பு, நோய் உண்டாகும் வழி ஆகிய அடிப்படைகளுக்குத் திரும்புமாறு பரிந்துரைத்தது. தம் துறையைச் சேர்ந்த சக ஆய்வாளர்களைப் பற்றியே இப்படி எழுத வேண்டியிருந்தது. அது எளிதில் நட்பைத் தேடித் தரும் பணியன்று. ஆனால் பின்னர் நடந்தவை அந்த எச்சரிக்கையை நியாயப்படுத்தின. 1999இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை ஆய்வில் பங்கேற்ற 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பிரான்சில் நோயெதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு அளித்த சிகிச்சை பலன் தந்தும், அவர்களில் சிலருக்கு அதனாலேயே இரத்தப் புற்றுநோய் வந்தது. இத்துறை மீண்டு எழப் பல ஆண்டுகள் ஆயின.

சுவிட்சு கிடைத்த கதை

காமா மரபணுவை அணைப்பது எது? இதைப் பலர் பல வழிகளில் தேடினர். பெரும்பாலோர் குளோபின் மரபணுக்கள் இருக்கும் 11ஆம் குரோமோசோமிலேயே தேடிக்கொண்டிருந்தனர். மலேசியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய சுவீ லே தெயின் வேறு திசையில் சென்றார். குடும்பங்களையும் மக்கள் கூட்டங்களையும் ஆராய்ந்து, கரு ஹீமோகுளோபின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மரபு வேறுபாடுகள் எங்கே உள்ளன என்று பார்த்தார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து 6ஆம் குரோமோசோமில் ஓரிடத்தைக் கண்டார். 2007இல் அவருடைய குழு, மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் புதிய முறையால், 2ஆம் குரோமோசோமில் இன்னோர் இடத்தைக் காட்டியது. அங்கே இருந்த மரபணு பி.சி.எல்.11ஏ. சார்டீனியத் தீவு மக்களிடம் நடந்த மற்றோர் ஆய்வும் அதே இடத்தைச் சுட்டியது.

பி.சி.எல்.11ஏ புற்றுநோய் ஆய்வாளர்களுக்குத் தெரிந்த பெயர்; சிவப்பணுவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று யாரும் எண்ணியதில்லை. புள்ளிவிவரம் ஓரிடத்தைச் சுட்டுவது வேறு, அங்குள்ள மரபணுதான் வேலையைச் செய்கிறது என்று மெய்ப்பிப்பது வேறு. ஆர்க்கினின் ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்த விஜய் சங்கரன் அந்த இரண்டாவது வேலையை எடுத்துக்கொண்டார். வளர்ந்தவர்களின் சிவப்பணு முன்னோடி அணுக்களில் பி.சி.எல்.11ஏயின் அளவைக் குறைத்தார். காமா சங்கிலி மீண்டும் உருவாகத் தொடங்கியது. 2008இல் இது வெளியானது. 2011இல் அரிவாள் செல் நோயுள்ள எலிகளின் சிவப்பணு வழியில் மட்டும் இம்மரபணுவை நீக்கியபோது நோய் மறைந்தது. எலிக்குத் தரப்பட்டது புது மரபணு அன்று. இருந்த ஒன்று அணைக்கப்பட்டது, அவ்வளவே.

இதை மனிதரிடம் செய்வதில் ஒரு பெரிய தடை இருந்தது. பி.சி.எல்.11ஏ சிவப்பணுவுக்கு மட்டும் உரியதன்று. மூளை வளர்ச்சிக்கும், பி வகை வெள்ளையணுக்களுக்கும், குருத்தணுக்களுக்குமே அது தேவை. அதை அடியோடு அழித்தால் வேறு கேடுகள் வரும். 2013இல் டேனியல் பாயரும் ஆர்க்கினும் இத்தடைக்கு விடை கண்டனர். இம்மரபணுவின் உள்ளேயே, புரதமாக மாறாத ஒரு பகுதியில், சிவப்பணு வழியில் மட்டும் அதை இயக்கும் ஊக்கி இருந்தது. மக்களிடம் கண்ட மரபு வேறுபாடுகளும் சரியாக அதே பகுதியில்தான் அமைந்திருந்தன. வீட்டின் மெயின் சுவிட்சில் கைவைக்காமல் ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைக்க வழி கிடைத்தது போன்றது இது.

2015இல் கிரிஸ்பர் முறையால் அந்த ஊக்கியை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்தனர். எந்த வெட்டு மிகுந்த பலன் தருகிறது? ஒரு சிறிய இடம் தனித்துத் தெரிந்தது. அங்கே இருந்தது காட்டா-1 ஒட்டும் எழுத்து வரிசை! 26 ஆண்டுகளுக்கு முன் இதே ஆய்வுக்கூடம் பிரித்தெடுத்த காரணியே பி.சி.எல்.11ஏக்கும் ஆணையிட்டுக்கொண்டிருந்தது. 2018இல், பி.சி.எல்.11ஏ காமா மரபணுவின் முகப்பில் நேரடியாக ஒட்டுகிறது என்பதும், கரு ஹீமோகுளோபின் அணையாத கிரேக்கக் குடும்பங்களில் சரியாக அந்த ஒட்டுமிடத்தில்தான் எழுத்து மாறியிருக்கிறது என்பதும் தெளிவாயின.

சிகிச்சை

வெர்டெக்ஸ், கிரிஸ்பர் தெரபியூட்டிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய காஸ்கெவி என்னும் சிகிச்சை இவ்விடத்தையே வெட்டுகிறது. முதலில் மருந்து கொடுத்து நோயாளியின் குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரச்செய்து சேகரிக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் அவற்றின் பி.சி.எல்.11ஏ ஊக்கியைக் கிரிஸ்பர் வெட்டுகிறது. இதற்கிடையில் நோயாளிக்கு புசல்ஃபான் என்னும் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையில் எஞ்சிய பழைய குருத்தணுக்களை அழிக்க வேண்டும். பின்பு திருத்திய அணுக்களை நரம்பின் வழியாகச் செலுத்துகின்றனர். அவை மஜ்ஜையில் குடியேறிப் புதிய சிவப்பணுக்களைத் தரும்வரை வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம். அணுக்கள் நோயாளியுடையவையே என்பதால் பொருத்தமான கொடையாளரைத் தேடும் அலைச்சல் இல்லை. உடல் அவற்றை ஏற்க மறுக்கும் அச்சமும் இல்லை.

2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனும், டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலின்போது மதிப்பிடத்தக்க 31 அரிவாள் செல் நோயாளிகளில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமேனும் கடும் வலித்தாக்குதல் வரவில்லை. தலசீமியாவுக்கான ஒப்புதல் அங்கே 2024 ஜனவரியில் கிடைத்தது.

ஆர்க்கினுக்கு 2020இல் மன்னர் பைசல் பரிசும், 2021இல் மரபியலுக்கான குரூபர் பரிசும், 2022இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதும் கிடைத்தன. 2024ஆம் ஆண்டின் ஷா பரிசு அவருக்கும் சுவீ லே தெயினுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மக்களை ஆராய்ந்தவரையும் மூலக்கூறை ஆராய்ந்தவரையும் ஒன்றாகச் சிறப்பித்தது பொருத்தமான முடிவு.

எட்டாத விலை

காஸ்கெவியின் விலை அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டாலர். அரிவாள் செல் நோய் மிகுதியாக உள்ளது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும். விலை ஒரு தடை என்றால், திருத்திய அணுக்களைக் கையாளும் ஆய்வுக்கூடமும் வாரக்கணக்கில் நோயாளியைத் தொற்றின்றிக் காக்கும் பிரிவும் வேண்டியிருப்பது இன்னொரு தடை. புசல்ஃபான் மருந்தால் குழந்தைப்பேறு இல்லாமற்போகும் அபாயமும் உண்டு. இளம் வயது நோயாளிகளுக்கு இது சிறிய கவலையன்று.

இந்தியாவில் தலசீமியாக் குழந்தைகளுக்கு உறவினரின் மஜ்ஜையை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெற்று வருகிறது. பொருத்தமான உடன்பிறப்பு இருப்பவர்களுக்கே அது பெரும்பாலும் பயன்படுகிறது. 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட அரிவாள் செல் சோகை ஒழிப்புத் தேசிய இயக்கம் பழங்குடி மக்களிடையே சோதனை செய்வதையும் ஆலோசனை வழங்குவதையும் முதன்மைப்படுத்துகிறது. நோயாளிகளுக்குக் கிடைக்கும் மருந்து இன்றும் பெரும்பாலும் ஹைட்ராக்சியூரியாதான்.

வாயால் விழுங்கும் ஒரு மாத்திரையே இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டக்கூடியது என்பதை ஆர்க்கின் வெளிப்படையாகக் கூறி வந்திருக்கிறார். ஆனால் பி.சி.எல்.11ஏ போன்ற படியெடுத்தல் காரணிகளில் மருந்து சென்று பொருந்துவதற்கான குழிவுகள் அரிது. மருந்து வேதியியலாளர்கள் நெடுங்காலம் இவற்றைத் தொட முடியாதவை என்றே ஒதுக்கி வைத்திருந்தனர். இப்போது புரதத்தைத் தடுப்பதற்குப் பதிலாக, அணுவின் கழிவகற்றும் அமைப்பைக் கொண்டே அதை அழிக்கச் செய்யும் சிறு மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். கரு ஹீமோகுளோபினை அடக்குவதில் பங்குள்ள விஸ் என்னும் மற்றொரு புரதத்தை இவ்வாறு அழிக்கும் ஒரு மூலக்கூறு விலங்குகளில் பலன் தந்ததாக 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துள்ளது.